மிச்சமிருக்கும் பச்சை

"எங்க அம்மாவுக்காக அந்தத் திரையை ஒரு தடவை திறக்கணும், சார்."

கேட்டே விட்டேன். எக்காரணம் கொண்டும் கேட்கக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்திருந்த விஷயம். சொல்லி வைத்தது எதிரே உட்கார்ந்திருந்த மியூசியம் இயக்குநர் இல்லை. அம்மா.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க அம்மாவா? ஊர்லேருந்து வர்றாங்களா?"

"தினமும் வர்றாங்க சார். நம்ம எல்லாருக்கும் முன்னாடி வந்துடறாங்க. இந்த மேசையை இன்னிக்குக் காலையில அவங்கதான் துடைச்சாங்க."

அவர் குனிந்து மேசையைப் பார்த்தார். அவர் முகமே அதில் மங்கலாகத் தெரிந்தது.

"அந்த நீலக் கோட்டு அம்மாவா?"

"உங்களுக்கு நீலக் கோட்டு அம்மா. எனக்கு வெறும் அம்மா."

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. அவள் என் அம்மா என்று அந்த நிமிஷம் வரை யாருக்கும் தெரியாது. முதல் நாள் நான் கிளம்பும்போதே அம்மா வாசலில் மறித்துச் சட்டம் போட்டுவிட்டாள்.

"உள்ளே போயிட்டா நீ யாரோ, நான் யாரோ. அம்மான்னு கூப்பிட்டே, தொலைச்சுடுவேன். எனக்காக யார்கிட்டயும் வாயைத் திறந்து எதையும் கேக்காதே. உக்கார நாற்காலிகூடக் கேக்காதே. இப்ப உன்னை மேடம்னு கூப்பிடுவாங்க. தெரிஞ்சா துடைக்கிறவ பொண்ணும்பாங்க. எது வேணும்?"

நான் வாதாடினேன். வீட்டில் எனக்குப் பேரே வக்கீல்தான். படித்தது என்னவோ ஓவியம். வரையக்கூட இல்லை, மற்றவர் வரைந்ததைப் பார்த்து விளங்கிக்கொள்ளும் படிப்பு. எங்கள் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், போயும் போயும் இதைப் படித்தாளே என்று சொந்தக்காரர்களுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "படத்தைப் பத்திப் படிச்சிருக்கா" என்று அம்மா பெருமையாகச் சொன்னபோது, "அப்போ சினிமாவுல சேத்து விட்டுடலாமே, எனக்கு ஆள் தெரியும்" என்றார் மாமா. அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அவள் போட்ட சட்டத்தில் அவளுக்கே ஒரு குஷியும் இருந்தது என்பதுதான் எனக்கு ஆத்திரம். தாழ்வாரத்தில் நான் வந்தால் துடைப்பதை நிறுத்திவிட்டு, "ஈரம் மேடம், பாத்து வாங்க மேடம், கீழே விழுந்து வச்சிட்டா எங்களைத்தான் சொல்லுவாங்க மேடம்" என்று மூன்று மேடம் போடுவாள். கண்ணில் அப்படி ஒரு சிரிப்பு மின்னும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போவேன்.

மேல்மாடியில் கடைசி அறையில்தான் அந்தப் படம். பழைய தேவாலயம் ஒன்றைக் காட்டும் நீர்வண்ண ஓவியம். நீர்வண்ணத்துக்கு வெளிச்சம் ஆகாது. பட்டுப் பட்டுச் சாயம் வெளிறும். வெளிறியது வெளிறியதுதான், திரும்ப வராது. அதனால் கண்ணாடிக்கு முன்னால் கனமான கருநீலத் திரை ஒன்று பித்தளைக் கம்பியில் தொங்கும். ஓரத்தில் கயிறு. இழுத்துப் பிடித்திருக்கும் வரை திரை திறந்திருக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். யாரும் மறந்துபோய்த் திறந்து போட்டுவிடக் கூடாது என்று இயக்குநரே யோசித்துச் செய்த ஏற்பாடு. போகிற இடமெல்லாம் விளக்கை அணைத்துக்கொண்டே போவதால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'இருட்டு சார்'.

முக்கியமான ஆட்கள் வந்தால் அவர் படத்தைப் பற்றிப் பேசுவார், நான் கயிற்றைப் பிடிப்பேன். பட்டம் வாங்கியதற்கு எனக்குக் கிடைத்த மகத்தான பொறுப்பு. போன வாரம் நன்கொடை கொடுத்தவரின் பிள்ளையும் அவனுக்கு நிச்சயம் பண்ணிய பெண்ணும் வந்தார்கள். படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று செல்ஃபி எடுத்தார்கள். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடி எடுத்தார்கள். என் கை கடுத்துப்போனது.

இந்த மாதக் கடைசியில் படத்தைக் கழற்றி இருட்டுப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்கள். சில வருஷம் அதற்கு ஓய்வு வேண்டுமாம். அதே மாதக் கடைசியில் அம்மாவுக்கும் வேலை முடிகிறது. வயசாகிவிட்டது என்று துப்புரவு கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். படத்துக்கு ஓய்வு கொடுக்கக் குழு கூடி, பேசி, பெட்டிக்கு அளவெடுத்தார்கள். அம்மாவுக்குச் சேதி வந்தது துடைப்பக் கட்டு வைக்கிற அறையில், கதவுக்கு வெளியே நின்றபடி ஒருவன் சொன்ன ஒரு வரியில்.

ஒரு நாள் காலையில் நான் சீக்கிரம் வந்தபோது, அந்தக் கடைசி அறையில் அம்மா மூடிய திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டேன். கையில் தூசித் துணி. யாரோ பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி தலையை ஆட்டி, கையை விரித்து, தாழ்ந்த குரலில். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, "என்ன மேடம், சீக்கிரம்?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "திரைகிட்ட என்னம்மா பேசிட்டிருந்தே?"

"தூசிகிட்ட பேசினேன். போய்க் கை கழுவிட்டு வா."

"இத்தனை வருஷமா அந்தக் கம்பியையும் சட்டத்தையும் துடைக்கிறியே, ஒரு தடவைகூடத் திரையைத் தூக்கிப் பாத்ததில்லையா?"

"தொடாதேன்னு சொல்லியிருக்காங்க."

"யாரும் இல்லாதப்போ?"

"யாரும் இல்லாதப்போ செய்யறவளா நான்?" முறைத்தாள்.

பக்கத்துச் சுவரில் இருக்கும் விளக்க அட்டையை எழுதியதே நான்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "அது என்ன படம்னு சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"சொல்லாதே. சொன்னா அது நீ பாத்ததா ஆயிடும்."

பாத்திரம் கழுவ உட்கார்ந்தவள், கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்: "போறதுக்குள்ள ஒரு தடவை தெரிஞ்சா நல்லாத்தான் இருக்கும்." சொன்ன வேகத்தில் திரும்பி, "நீ போய்க் கேட்டுத் தொலைக்காதே, வக்கீலு" என்றாள்.

எனக்கு நினைவு தெரிந்து அம்மா தனக்கென்று ஆசைப்பட்டுச் சொன்ன முதல் வாக்கியம் அது. அதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

அதனால்தான் இயக்குநர் முன்னால் போய் நின்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். "உங்க மனசு புரியுது. ஆனா இன்னிக்கு உங்க அம்மா, நாளைக்குக் காவல்காரர் அம்மா, அப்புறம் தோட்டக்காரர் வீட்டுல ஒருத்தர். நான் யாருக்கு இல்லைன்னு சொல்ல முடியும்?" என்றார்.

"செல்ஃபி எடுத்தவங்களுக்குச் சொல்லியிருக்கலாம். எங்க அம்மா கண்ணு பட்டா மட்டும் சாயம் போயிடுமா சார்?"

"யார் கண்ணுக்காகத் திறந்தாலும் போகும்மா. அதானே கஷ்டம்." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நான்கூட எனக்காக அதை ஒரு தடவையும் திறந்ததில்ல. தெரியுமா உங்களுக்கு?"

அது பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனாலேயே எரிச்சல் இன்னும் கூடியது. முடியாது என்பதை மென்று முழுங்கி, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் விடிந்து, மியூசியம் திறப்பதற்கு முன்னால், அம்மா கடைசி அறையில் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் போய்க் கயிற்றைக் கையில் எடுத்தேன்.

"என்ன மேடம்?"

"மேடம் எல்லாம் அப்புறம். இங்கே வந்து நில்லு."

"ஏய், வேண்டாம்டி. பெரிய சார்..."

"நான்தான் திறக்கிறேன். நீ தொடவே இல்லை. பாக்கறது மட்டும்தான் உன் வேலை."

அம்மா வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்துவிட்டு, முடியை ஒதுக்கிக்கொண்டு, எதிரே வந்து நின்றாள். யாரையோ முதன்முதலாகச் சந்திக்கப் போகிற மாதிரி.

இழுத்தேன்.

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. தெரிந்த வீட்டுக் கதவைத் தட்ட, அறிமுகமில்லாத ஆள் வந்து திறந்த மாதிரி ஒரு திகைப்பு.

"எங்கடி அவ?"

"யாரும்மா?"

"உள்ளே இருந்தவ. பொம்பளை."

"எந்தப் பொம்பளை?"

"திரை போட்டு மூடி வச்சிருந்தா உள்ளே பொம்பளைதானே இருப்பா? கட்டடத்துக்கு எவனாவது திரை போடுவானா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கயிறு ஆட, திரை ஆட, படத்தின் மேல் நிழல் ஆடியது. "சிரிக்காதே" என்று அதட்டினாள். ஆனால் குரல் தழுதழுத்தது.

"தினமும் அவகிட்டதான் எல்லாத்தையும் சொல்லிட்டிருந்தேன். உங்கப்பா போனப்போ, நீ பரீட்சை எழுதினப்போ, உனக்கு மூக்குக்கு மேல கோபம் வருதே, எவன் கட்டிப்பான்னு... எல்லாம். குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டா. உன்னை மாதிரியா?" படத்தை மேலும் கீழும் பார்த்தாள். "இது என்ன இடம்?"

"பழைய சர்ச்ம்மா."

"சர்ச்சா?" கோட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கெட்டுது போ. அப்போ உன்னைத் திட்டினது, சூப்பர்வைசரைத் திட்டினது எல்லாத்தையும் சாமி வீட்டுச் சுவத்துக்கிட்டயா சொல்லியிருக்கேன்!"

இப்போது இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகுதான் அம்மா படத்தை உண்மையில் பார்க்க ஆரம்பித்தாள். ஓர் அடி முன்னால் வந்தாள். இன்னும் ஓர் அடி.

சின்னப் படம்தான். இரண்டு கையையும் விரித்து வைத்தால் மறைந்துவிடும். கல் சுவர், ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்த மணிக்கூண்டு, கூரையில் ஓடு சரிந்த இடத்தில் பூசிய ஒட்டு, சுவரில் சாத்தி வைத்த ஓர் ஏணி. மழை விட்டுப்போன நேரம். தரையில் அங்கங்கே தேங்கிய தண்ணீரில் வானம் கிடக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லை. ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் மஞ்சளாக ஒரு சொட்டு வெளிச்சம்.

"வாசல் எங்க?"

"இது பின்பக்கம்மா. வரைஞ்சவர் முன்னாடி போய் உக்காரலை."

"ஏன்?"

"தெரியாது."

பட்டம் வாங்கியவள் சொல்லும் பதிலா என்று கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. விரலைக் கண்ணாடியில் படாமல் நீட்டி, "இந்தத் தண்ணிக்கு என்ன வெள்ளை போட்டிருக்கான்? இப்படிப் பளபளங்குது" என்றாள்.

"எதுவும் போடலைம்மா. அந்த இடத்துல அவர் தூரிகையையே வைக்கலை. காகிதத்தை அப்படியே விட்டுட்டார்."

"விட்டதுதான் வெளிச்சமா?"

"விட்டதுதான்."

அதைக் கொஞ்ச நேரம் வாய்க்குள் வைத்துச் சுவைத்த மாதிரி நின்றாள். "மரம் ஏன் நீலமா இருக்கு?"

"பச்சையாத்தான் இருந்தது. திரை போடறதுக்கு முன்னாடி வெயில் பட்டு, அதில இருந்த மஞ்சள் போயிடுச்சு. நீலம் மட்டும் தங்கிடுச்சு. அதான் திறக்க மாட்டேங்கறார்."

"பாவம்" என்றாள். மரத்தையா, அவரையா என்று தெரியவில்லை. பிறகு குனிந்தாள். "இங்கே பாரு, இங்கே இன்னும் பச்சை இருக்கே."

கீழ் மூலையில், சட்டத்தின் நிழல் விழும் இடத்தில், சுவரின் அடியைப் பற்றி ஏறும் கொடி. நகக்கண் அகலம்தான் இருக்கும். அது மட்டும் ஈரப் பச்சையாக, நேற்று வரைந்த மாதிரி இருந்தது.

"ஆமாம்மா. இன்னும் கொஞ்சம் இருக்கு."

கதவருகில் சாவிக்கொத்துச் சத்தம். மேல்மாடிக் காவல்காரர். எப்போதும் கொட்டாவி விட்டபடியே இருப்பதால் அவருக்குப் பெயரே கொட்டாவி. நான் 'அம்மா' என்றதைக் கேட்டுவிட்டார். வாய் திறந்தது. இந்த முறை கொட்டாவிக்காக இல்லை.

அம்மா பதறிப்போய், "ஒண்ணுமில்ல, மேடம் சும்மா என்கிட்ட..." என்று தடுமாறினாள்.

கொட்டாவி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அதானே பாத்தேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி முறைக்கிறீங்களேன்னு நினைச்சிருக்கேன்" என்றார். அப்புறம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி, வாசலை அடைத்த மாதிரி நின்றுகொண்டார். "நான் எதையும் பாக்கலை. நிதானமா பாருங்கம்மா."

கயிறு என் கையில் கனத்தது. திரையின் கனம் மட்டும் இல்லை அது. அந்தப் படத்தை எனக்கும் பிடிக்கும். ஒவ்வொரு நொடியும் அதிலிருந்து எதையோ உருவிக்கொண்டிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கொடியின் பச்சை இப்போதே, என் கண் முன்னாலேயே, கொஞ்சம் குறைகிறது.

"மூடட்டுமாம்மா?"

"இரு."

நாற்காலிகூடக் கேட்காதே என்று எனக்குச் சட்டம் போட்டவள். பேருந்தில் காலியான இடத்தைக்கூட அடுத்தவருக்குக் காட்டுகிறவள். 'இரு' என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். நான் கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளே விளக்கு எரியுது."

"ஆமா."

"அப்போ அவ உள்ளேதான் இருக்கா."

"அம்மா, இந்தப் படத்துல ஆளே கிடையாது. நான் அட்டையில அப்படித்தான் எழுதி..."

"உனக்கு என்ன தெரியும்?" ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "இத்தனை நாள் பேசினவ நானா, நீயா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் எதிர்த்து வாதாடவில்லை.

அவள் தலையை லேசாக ஆட்டினாள், போய்ட்டு வரேன் என்கிற மாதிரி. "போதும். மூடு."

கயிற்றை மெல்லத் தளர்த்தினேன். கருநீலத் துணி வந்து மூடியது. அம்மா அந்தத் துணியின் மடிப்பைச் சரி செய்தாள். சரி செய்த அடுத்த கணமே பயம் வந்துவிட்டது அவளுக்கு.

"பெரிய சாருக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சுடும். சட்டத்துக்குள்ள வெளிச்சத்தை அளக்கிற கருவி இருக்கு. அதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லப் போறேன்."

"பைத்தியமாடி உனக்கு? துடைக்கிறப்போ என் கை பட்டு விலகிடுச்சுன்னு சொல்லு. நான் எப்படியும் மாசக் கடைசியில போறவ. எனக்கு என்ன வந்தது?" என் கையைப் பிடித்தாள். கயிறு பதிந்த தடத்தைத் தேய்த்து விட்டாள். "உன் வாயை மட்டும் கொஞ்சம் மூடிட்டுப் போ, தாயி."

மியூசியம் திறந்ததும் இயக்குநர் அறைக்குப் போனேன்.

"திறந்தேன் சார். எங்க அம்மாவுக்காக."

அவர் முகம் வெளுத்தது. "எவ்வளவு நேரம்?"

"அம்மா போதும்னு சொல்ற வரைக்கும்."

எழுந்து போய் ஜன்னல் மறைப்பை இழுத்து விட்டார். அங்கே படம் எதுவும் இல்லை, பழக்கம். திரும்பாமலே கேட்டார்: "பச்சை?"

"மூலையில இன்னும் கொஞ்சம் இருக்கு சார்."

அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

அப்புறம் வந்து உட்கார்ந்தார். "நாளைக்குக் குழு கூடுது. கருவியைப் பாத்தா கேப்பாங்க. துடைக்கும்போது கயிறு மாட்டி விலகிடுச்சுன்னு சொல்லிடலாம். அவங்க எப்படியும் மாசக் கடைசியில போறவங்கதானே. யாரும் துருவிக் கேக்க மாட்டாங்க. அவங்க உங்க அம்மாங்கறதும் யாருக்கும் தெரிய வேண்டாம். உங்களுக்கு இங்கே எதிர்காலம் இருக்கு."

கிட்டத்தட்ட அம்மா சொன்ன அதே வார்த்தைகள். அம்மா சொன்னபோது அவள் பிடித்த கையை விடுவிக்க மனசு வரவில்லை. இவர் சொன்னபோது ரத்தம் கொதித்தது.

"திறந்தது நான் சார். நாளைக்குக் குழுவுல அதைத்தான் சொல்லுவேன். யாருக்காகன்னும் சொல்லுவேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

"உங்க அம்மாவே இதுக்கு ஒத்துக்குவாங்களே."

"ஒத்துக்குவாங்க. அதனாலதான் நான் ஒத்துக்க மாட்டேன்."

"உக்காருங்க. டீ வருது. அவசரப்படாம யோசிங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? அம்மா 'இரு' என்றபோது கயிற்றை மணிக்கட்டில் சுற்றினேனே, அப்போதே யோசித்து முடித்தாயிற்று. நான் உட்காராமல் கதவுப் பக்கம் திரும்பினேன்.

"ஒண்ணு சொல்லுங்க" என்றார். குரல் சின்னதாகிவிட்டது. "பாத்துட்டு அவங்க என்ன சொன்னாங்க?"

ஆசையாகத்தான் கேட்டார். அந்தப் படத்தைப் பற்றி அவரிடம் யாரும் எதையும் வந்து சொன்னதில்லை போல.

"அதை அவங்ககிட்டயே கேளுங்க சார். மாசக் கடைசி வரைக்கும் இருக்காங்க. நீங்கதான் காலையில கொஞ்சம் சீக்கிரம் வரணும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் வெளியே வந்திருந்தேன்.